இல்லாத மிருகமும் அப்பாவின் வலது கண்ணும்

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் கால் ஆடும். கால் ஆடினால் அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்: "காலை ஆட்டாதடி, வூட்டுக்கு ஆகாது!" ஆட்டுவதை நிறுத்தினால் நகத்தைக் கடிப்பேன். அதற்கும் ஒரு திட்டு விழும். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, உலகத்தில் இல்லாத மிருகங்களை வரைவது.

கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. செல்போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்கிறவர்கள். அந்த விளையாட்டுகளில் புதருக்குள்ளிருந்தும் குளத்துக்குள்ளிருந்தும் ஏதாவது ஒரு ஜந்து திடீரென்று கிளம்பி வரும் அல்லவா, அதற்கு உருவம் கொடுப்பது என் பொறுப்பு. செந்துறைக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் செய்கிறேன். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஒருமுறை பால் ஊற்றுகிறவரிடம் உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். "அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்குறான்?" என்று கேட்டுவிட்டு, பாலை அளக்க மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த வேலையில் முதல் படி ரொம்ப எளிது, பார்ப்பதற்கு. கண், மூக்கு, செதில், ரோமம் எதையும் வரையக்கூடாது. வெள்ளைத் திரையில் கறுப்பாக ஒரு உருவத்தை மட்டும் சட்டென்று போட வேண்டும். வெயிலுக்கு எதிரே நிற்கும் ஆளின் முகம் தெரியாமல் உருவம் மட்டும் தெரிவது மாதிரி. யோசிக்கவே கூடாது. யோசித்தால் கை தானாக நாயையோ குதிரையையோ தேடிப் போய்விடும். கையை ஓடவிட்டு, வரிசையாகப் பத்துப் பதினைந்து போட்டுவிட்டு, தபால்தலை அளவுக்குச் சிறிதாக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் அது வேறு எதுவுமாகத் தெரியாமல் தானாகவே தெரிந்தால் தேறிவிட்டது என்று அர்த்தம். கறுப்பு உருண்டையாகத் தெரிந்தால் குப்பை. இதற்கு எங்கள் தொழிலில் ஒரு இங்கிலீஷ் பெயர் உண்டு. அது அம்மா வாயில் நுழையாததால் வீட்டில் எல்லாரும் 'நிழல்' என்றே சொல்கிறோம்.

என் டீம் லீடு ஒரு மேடம். நான் அனுப்பும் நிழல்களில் பாதிக்கு மேல் அவரிடமிருந்து ஒரே பதில்தான் வரும்: எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. "உங்க அரியலூர்ல டைனோசர் முட்டையே கிடைக்குதாமே, உங்களுக்கு என்னங்க கவலை?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் எனக்குக் கிடைப்பது சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதியும் போய்ப் போய் வரும் கரண்டும்தான்.

நான் சொல்ல வந்தது இதை இல்லை. அப்பாவின் வலது கண்ணை.

அப்பாவுக்குச் சர்க்கரை. இடது கண் போய்விட்டது. போவதற்கு முன்னால் பெரம்பலூரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். திருச்சியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் விழித்திரை டாக்டர் அங்கே பார்த்தார். ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்று சொல்லித்தான் கண்ணுக்குள் ஊசி போட்டார். பலிக்கவில்லை. ஆனால் அப்பா அதைப் புரிந்துகொண்ட விதமே வேறு. "ஊசி போடறதுக்கு முந்தி கொஞ்சமாச்சும் தெரிஞ்சுது. போட்டாரு, போச்சு." இவ்வளவுதான் அவர் கணக்கு. என்ன சொல்லியும் மாற்ற முடியவில்லை.

டாக்டர் கடைசியாக என்னிடம் தனியாகச் சொன்னார்: "வலது கண்ணு இப்போதைக்கு நல்லா இருக்கு. அதுல கொஞ்சம் மங்குனாலும் அன்னிக்கே கூட்டிட்டு வந்துடுங்க. அப்ப ஊசி போட்டா காப்பாத்தலாம். விட்டுட்டீங்கன்னா இந்தக் கண்ணு மாதிரியே ஆயிடும்."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் கேட்பேன்.

"கண்ணு எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"மங்கலா எதுனா?"

"ஒரு மங்கலும் இல்ல. போயி வேலையப் பாரு."

நம்புவேனா? ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருக்கும் தினசரிக் காலண்டரைப் படிக்கச் சொன்னேன். டாண் டாணென்று தேதியும் கிழமையும் சொன்னார். நானும் திருப்தியாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: இன்றைக்கு என்ன தேதி என்று சொல்வதற்குக் கண் எதற்கு? ராகுகாலம் படிக்கச் சொன்னேன். அதையும் ஒப்பித்தார். கிழமை தெரிந்தவருக்கு ராகுகாலம் தெரியாதா? எனக்கு வந்த கோபத்துக்குக் காலண்டரையே கழற்றி எறிந்திருப்பேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். நான் வரையும் நிழல்களைக் காட்டிக் கேட்டால் என்ன? நேற்று வரை இந்த உலகத்தில் இல்லாத மிருகம். நான் வரைந்து முடித்த நிமிடம் வரைக்கும் எனக்கே தெரியாத மிருகம். அதை யாரால் மனப்பாடம் செய்து வைத்திருக்க முடியும்?

அப்படித்தான் தொடங்கியது. நான் ஜன்னலோரம் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு வரைவேன். அரியலூர் போயிருந்தபோது அதன் திரைமேல் மெல்லிய படலம் ஒன்றை ஒட்டி வாங்கி வந்திருந்தேன். தாளில் எழுதுவது மாதிரி சொரசொரவென்று இருக்கும், பேனா வழுக்காது. ஆனால் சத்தம் கேட்கும். "எலி பிராண்டுற மாதிரி இருக்குடி, காதே கூசுது" என்று அம்மா புலம்புவாள். அப்பா பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கடலை உரித்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு நிழல் முடிந்ததும் திரையை அவர் பக்கம் திருப்புவேன்.

"இது என்னப்பா?"

கடலையைக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். உடனே சொல்லிவிட மாட்டார்.

"வயிறு பெருத்துக் கெடக்கு. சாப்புட்டுட்டு அசையமாட்டாம உக்காந்திருக்கு போல."

நான் வரைந்திருந்தது உண்மையிலேயே வயிறு பெருத்த ஒன்றுதான். உட்கார்ந்திருப்பதாக நான் நினைத்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு பார்த்தால், அட, உட்கார்ந்திருந்தது! பின்னங்காலை மடக்கி, அசையமாட்டேன் என்று அடம் பிடிப்பதாக மாற்றி வரைந்து அனுப்பினேன். மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "இது எங்கேயும் பார்த்ததே இல்லை" என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தையை அவர் எழுதி நான் படித்தது அதுதான் முதல் தடவை.

இன்னொரு நாள் ஒன்றைக் காட்டினேன். "கழுத்து நீட்டம். யாரையோ எட்டிப் பாக்குது. ஆனா பாக்குறது தெரியக் கூடாதுன்னு பாக்குது" என்றார். அதுவும் தேறியது. நீளமாகத் தோகை விட்ட ஒன்றுக்கு, "எங்கயோ கெளம்பிப் போறப்ப மறந்து வச்சுட்டு வந்தத நெனச்சு நின்னுடுச்சு" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பருத்தியும் மக்காச்சோளமும் தவிர வேறு பேச்சு தெரியாத மனிதர் என்று நான் நினைத்திருந்தவருக்குள் இத்தனை மிருகங்களா? அவருக்கும் அது பிடித்துப்போனது. "இன்னிக்கு ஒன்னும் போடலையா?" என்று அவராகவே கேட்க ஆரம்பித்தார். கொம்பு வைத்தவற்றில் மட்டும் கொம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருக்குக் கொம்பு பிடிக்காது போல என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றையும்விட, கண் நன்றாக இருக்கிறது. அது போதும் என்றிருந்தது. டாக்டரிடம் அடுத்த பரிசோதனைக்குப் போக வேண்டிய வாரம் வந்தபோது அப்பா, "நல்லா இருக்கற கண்ண எதுக்குக் கொண்டுபோய்க் காட்டணும்? அடுத்த மாசம் பாத்துக்குவோம்" என்றார். நானும் சரி என்றேன். தினம் நானே பரிசோதிக்கிறேனே!

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ குடைந்துகொண்டே இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. அப்பா செருப்பைக் காலால் துழாவி மாட்டினார். முன்பும் அப்படித்தானே மாட்டுவார்? தண்ணீர்ச் செம்பு எப்போதும் அவருடைய வலது கைப்பக்கம் ஒரே இடத்தில் இருந்தது. அம்மா அப்படி வைக்கிறாள், அதில் என்ன? மொபெட்டில் எங்கள் பருத்திக் காட்டுக்குப் போகும்போது அம்மா பின்னால் உட்கார்ந்து ஓயாமல் கத்திக்கொண்டே போவாள். "ஓரமாப் போங்க. குழி. குழிங்கறேன்ல! லாரி வருது, நில்லுங்க, நில்லுங்க." தெருமுனை வரைக்கும் கேட்கும். கல்யாணமான நாள் முதல் வண்டியில் அவள் வாய் மூடியதில்லை என்று அப்பாவே கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் மேடத்துக்கு ஒரு வரிசை அனுப்ப வேண்டும், ஒன்றுகூட உருப்படியாக வரவில்லை. எழுந்து நடப்பதும் உட்காருவதும் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தேன். "ஏன் பாப்பா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்திக்கிட்டு? உக்காந்து ஒன்னு போடு. நான் சொல்றேன்" என்றார் அப்பா.

உட்கார்ந்தேன். எரிச்சலில் வேகமாகப் போட்டேன். கூனல் முதுகு, அதன் மேல் வரிசையாகக் குத்திக் குத்தி முள். பின்னால் போய்க்கொண்டே இருக்கும் ஒரு வால். நெற்றியில் ஒரு கொம்பு. இந்த முறை நன்றாக வந்துவிட்டது என்று கைக்கே தெரிந்தது.

நான் வரையும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் போட்டால் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஒரே திரைக்குள் பல அடுக்குகள். ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் கண் மாதிரி ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் படம் மறையும். மறுபடி தொட்டால் தெரியும். அப்பாவிடம் ஒன்றைக் காட்டும்போது மற்றதையெல்லாம் மறைத்துவிடுவது வழக்கம். அன்றைக்கும் அவசர அவசரமாக எல்லாவற்றையும் தட்டிவிட்டு, நானே சரியாகப் பார்க்காமல், திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இது?"

இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். தலையைச் சாய்த்தார். முகம் மலர்ந்தது.

"அடேயப்பா! முதுகு பூரா முள்ளு. வாலு என்னா நீட்டு, போய்க்கிட்டே இருக்கே. கோவக்காரன். ஆனா யாராச்சும் தொட்டா அழுதுருவான்."

"கரெக்டுப்பா! முள்ளு, வாலு, ரெண்டையும் சரியாச் சொல்லிட்ட!" என்று குதித்தேன். கோபக்காரன், தொட்டால் அழுதுவிடுவான். எவ்வளவு நல்ல யோசனை! அப்படியே எழுதி அனுப்பிவிடலாம் என்று திரையை என் பக்கம் திருப்பினேன்.

திரையில் ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது.

மற்றவற்றோடு சேர்த்து அதையும் மறைத்துத் தொலைத்திருக்கிறேன். கண் அடையாளத்தைத் தொட்டேன். முள்ளும் வாலும் கொம்புமாக அது வந்து நின்றது. மறுபடி தொட்டேன். போனது. அப்பா கடலையை எடுத்து உரித்துக்கொண்டிருந்தார். நம்ப முடியவில்லை. வெறும் திரையில் பேனாவால் ஒரே ஒரு நீண்ட இழுப்பு இழுத்தேன். பிறகு டேப்லெட்டைத் திருப்பி, அதன் முதுகுப்புறத்தை, வெறும் உறையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இது என்னப்பா?"

கண்ணைப் பொத்தினார். தலையைச் சாய்த்தார்.

"இது பாம்பு இனம். நீட்டமா, வழவழன்னு. கால் இல்ல."

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கத்தினேன். பக்கத்து வீட்டு ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். "இது உறைப்பா! நான் காட்டுனது வெறும் உறை! எத்தன நாளா இப்படி? எத்தன நாளா என்ன ஏமாத்துற?"

அப்பாவின் கையிலிருந்து கடலை கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் தரையைத் துழாவினார். கடலை அவர் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அவர் வேறு பக்கம் துழாவிக்கொண்டிருந்தார்.

அம்மா ஓடி வந்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"உனக்குத் தெரியுமா?"

"வெளிச்சம் தெரியுது, ஆளு நடமாட்டம் தெரியுதுங்கறாரு. சொல்லக் கூடாதுன்னு எந் தலைமேல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாருடி" என்று அழுதாள்.

"அப்ப வண்டி? வண்டில போறீங்களே ரெண்டு பேரும்?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரமாப் போங்க, குழி, லாரி வருது, நில்லுங்க. அய்யோ! அந்த வண்டியை ஓட்டியது அவள் வாய்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் ரோட்டைத் தாண்டித்தான் எங்கள் காட்டுக்குப் போக வேண்டும்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்து நான் அப்படிக் கேட்டதே இல்லை. "கெளம்பு, இப்பவே பெரம்பலூர் போறோம்" என்றேன்.

"வரல" என்றார் அப்பா. "ஊசி போட்டா இருக்கற வெளிச்சமும் போயிடும். அந்தக் கண்ணு எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

"ஊசியால போகலப்பா. லேட்டாப் போனதால போச்சு. இப்பவும் அதையேதான் பண்ணிக்கிட்டிருக்க."

"கண்ணு யாருது? உன்னுதா, என்னுதா?"

கெஞ்சினேன். அழுதேன். வண்டிச் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டேன். அன்றைக்கு அப்பா எழுந்து உள்ளே போய்ப் படுத்தவர் சாப்பிடக்கூட வரவில்லை. மேடத்துக்கு ஒன்றும் அனுப்பவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். கோபம் தணியவில்லை. அப்பா வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று போட்டேன். அடுத்தது போட்டேன். திரையைத் திருப்பவில்லை. இது என்னப்பா என்று கேட்கவில்லை. பேனா திரையில் பிராண்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை சத்தம் நிற்கும்போதும் அவர் கை தன்னிச்சையாக இடது கண்ணைப் பொத்தப் போகும். கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுக் கீழே இறங்கும். அதைக் கடைக்கண்ணால் பார்த்தேன். ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் ஏதாவது அழகாகச் சொல்லிவிடுவார்.

ரொம்ப நேரம் கழித்து எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போடப்பட்டிருந்தது.

"குன்னம் வழியாப் பெரம்பலூர் போற பஸ்ஸு எத்தன மணிக்கு?"

டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"அந்த முள்ளுக்காரன நான் இன்னும் பாக்கவே இல்லையில்ல? ஆனா ஒன்னு. ஊசி போட்டு இதுவும் போச்சுன்னு வையி, உன்னச் சும்மா வுட மாட்டேன்."

"திட்டிக்கோ. அடிக்கக்கூட அடி. இப்ப வா" என்று சொல்லி, பொத்தானைச் சரியாக மாட்டிவிட்டேன்.

அன்றைக்கு விழித்திரை டாக்டர் வரும் நாள் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் பார்த்துவிட்டு உடனே அவரிடம் போனில் பேசினார்கள். மறுநாளே அவர் வருவதாகச் சொன்னார். மறுநாளும் போனோம். நல்ல வேளை என்றும் சொல்ல முடியாத, கெட்ட வேளை என்றும் சொல்ல முடியாத நிலைமை. "போனது போனதுதான். மிச்சத்தைப் பிடிச்சு நிறுத்தலாம். வீக்கம் வடிஞ்சா கொஞ்சம் தேறவும் செய்யலாம். உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். உறுதி சொல்ல மாட்டேன் என்பதை அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்திருந்தது போல. தலையாட்டினார்.

சொட்டு மருந்து விட்டு வெளியே உட்கார வைத்தார்கள். அந்தக் கூடத்தில் வரிசையாகப் பத்திருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணைத் திறந்துகொண்டு நடமாடியது நான் ஒருத்திதான். நர்ஸ் இரண்டு தடவை "உக்காருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் அப்பா என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"எப்படிப்பா சொன்ன?" என்று கேட்டேன். "முள்ளு, வாலு எல்லாம்?"

கண்ணை மூடியபடியே சிரித்தார். "நீ பேனாவ டொக்கு டொக்குன்னு குத்துனா முள்ளு. சர்ருன்னு ஒரே இழுப்பா இழுத்தா வாலு, இல்ல கழுத்து. சுத்திச் சுத்தித் தேய்ச்சா வயிறு பெருசு."

"வாலா கழுத்தான்னு எப்படித் தெரியும்?"

"தலை போடறப்ப நீ காலை ஆட்ட மாட்ட. ஆட்டம் நின்னா தலை. நின்ன ஒடனே இழுத்தா கழுத்து. கால் ஆடிக்கிட்டே இழுத்தா வாலு."

நான் என் காலைப் பார்த்தேன். ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"மிச்சத்த நானாச் சொன்னேன். நீ சிரிச்சா அதையே இன்னும் கொஞ்சம் நீட்டுவேன்." அப்புறம் சொன்னார்: "கொம்பு மட்டும் புடிபடல. அதுக்கும் டொக்கு, முள்ளுக்கும் டொக்கு. தலையிலயும் முள்ளு வப்ப நீ. அதான் கொம்பப் பத்தி வாயே தொறக்கறதில்ல."

இவ்வளவு காது கொடுத்து என்னைக் கேட்டவரை நான் எத்தனையோ நாள் உற்றுப் பார்த்துவிட்டு, நன்றாகத் தெரிகிறது என்று நம்பியிருக்கிறேன். கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டும் செய்ய முடியாத இடம் அது. உள்ளே கூப்பிட்டார்கள். அப்பாவின் கை ஜில்லென்று இருந்தது. கதவு வரைக்கும் பிடித்துக்கொண்டு போனேன். அதற்கு மேல் விடவில்லை.

முதல் ஊசி போட்டு வந்த பிறகு ஒரு மாற்றமும் இல்லை. அப்பா என்னிடம் பேசவே இல்லை. அடுத்த ஊசிக்கு அவரைக் கிளப்புவதற்குள் எனக்கும் அம்மாவுக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. வண்டிச் சாவி அரிசி டின்னிலேயே கிடந்தது. காட்டை அம்மா ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஊசி போட்டுப் போய்விட்டதோ, நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. வேலையில் கவனம் போகவில்லை. மேடம் மறுபடியும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது என்று எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதட்டும் என்று விட்டேன்.

பரிசோதனையை மட்டும் நிறுத்தவில்லை. முறையை மாற்றிக்கொண்டேன். பேனாவைத் தொடுவதே இல்லை. திரையிலிருந்த படலத்தைப் பிய்த்து எறிந்தேன். கொல்லைப்பக்கம் போய், நின்றுகொண்டே விரலால் வரைவேன். சத்தம் வராது, காலும் ஆடாது. வந்து அவர் முன்னால் திரையைப் பிடிப்பேன். வாயே திறக்க மாட்டேன். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வேன்.

"தெரியல" என்றார் முதல் நாள்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நல்லாத்தான் இருக்கு, ஒரு மங்கலும் இல்ல, போயி வேலையப் பாரு என்பவைதான் எனக்குத் தெரிந்த பதில்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கென்னவோ நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறாரே, அது போதும்.

மறுநாளும் தெரியல. அதற்கடுத்த நாளும் தெரியல. இன்னொரு ஊசி. அதற்குப் பிறகும் தெரியல. ஒருநாள் "கறுப்பா என்னமோ இருக்கு" என்றார். ஆசையாகக் கிட்டே போனேன். "என்னன்னு கேக்காத, தெரியல" என்று எரிந்து விழுந்தார். இப்படியே போனது. சில நாள் காட்டாமலே விட்டுவிடலாமா என்றுகூட இருக்கும். ஆனால் காலையில் நான் டேப்லெட்டை எடுக்கும்போதே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

ஒரு காலையில் கொல்லையில் நின்று ஒன்றை வரைந்தேன். முள் இல்லை, வால் இல்லை. மொட்டையாக ஒரு உடம்பு. நெற்றியில் மட்டும் ஒன்று. விரலால் வரைந்ததால் அது நேராக வரவில்லை. அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்று நினைத்தேன். பொறுமையில்லாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன். அடுக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன், படம் இருக்கிறது. முன்பக்கத்தைத்தான் காட்டுகிறேனா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அப்பா இடது கண்ணைப் பொத்தினார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார். கையை நீட்டி டேப்லெட்டைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார்.

"தெரியல" என்றார். நான் திரும்பப் போனேன்.

"இரு. போவாத."

நின்றேன்.

"கொம்பு. ஒத்தக் கொம்பு." திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். "அதுவும் கோணலா இருக்கு. இவ்வளவு படிச்சிருக்க, ஒரு கொம்ப நேரா வரையத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதுப்பா" என்றேன். "இன்னொரு தடவை சொல்லு, எப்படி இருக்கு?"

"கோணலா இருக்குங்கறேன்ல!" என்று அப்பா கத்தினார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள்.